பார்க்க மட்டும் அனுமதி

ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் நெட்வொர்க் வேலை பார்த்தேன். அங்கே மிஷின்களைக் கிளவுடுடன் சேர்க்கும் நெட்வொர்க் இணைப்புகளை யார் வேண்டுமானாலும் திறக்கலாம், அழிக்கலாம் என்றிருந்தது. மெயின்டனன்ஸ் தலைவர் ஒருநாள் தெரியாமல் ஓர் இணைப்பை அழித்துவிட்டார். ஒரு ஷிப்ட் முழுக்க உற்பத்தி நின்றது. மீட்டிங்கில் பழியை என்மேல் போட்டார். அதன் பிறகு, அவரவர் வேலைக்குத் தேவையான அனுமதி மட்டும் கொடுக்கும்படி மேலிடம் சொன்னது. பட்டியல் போட்டேன். மெயின்டனன்ஸ் தலைவருக்குப் பார்க்க மட்டும் அனுமதி.

இரண்டாவது வாரம், மெயின்டனன்ஸ் ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரத்தில் வெல்டிங் லைன் நின்றது. தலைவர் கையில் ஸ்பேனருடன் என் அறைக்குள் வந்தார்.

“எனக்கு இன்னா குடுத்து வச்சிகீற நீ?”

“பாக்கறதுக்கு மட்டும்ணே.”

“பாத்துக்கினு இன்னா பண்றது? இணைப்ப ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணா லைன் ஓடும். என்னால முடியல.”

“மெயில் போடுங்க,” என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஸ்பேனர் முதலில் கீபோர்டில் இறங்கியது. அடுத்தது என் புருவத்தில். தலைமுடியைப் பிடித்து முகத்தை மேஜையில் அழுத்தினார்.

“பழைய அட்மின் பர்மிஷனக் குடுறா.”

“என்னாண்டயும் இல்லண்ணே. மேனேஜர் ஒத்துக்கணும்.”

அவர் நம்பவில்லை. மறுபடி அடித்தார். ரத்தம் கண்ணை மறைத்தது. கைக்கு அகப்பட்ட எவர்சில்வர் டிபன் பாக்ஸால் அவர் காதில் ஓங்கி அடித்தேன். அவர் விழுந்த பிறகும் அடித்தேன். செக்யூரிட்டி இருவர் வந்துதான் என்னை இழுத்தார்கள்.

எனக்கு ஆறு தையல். முதலில் கைநீட்டியவர் என்பதால் அவருக்கு வேலை போனது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

தையல் பிரிப்பதற்கு முன்பே வேலைக்குத் திரும்பினேன். பட்டியலைத் திறந்து பார்த்தேன். இணைப்பை ஆஃப் செய்து ஆன் செய்யும் அனுமதி மெயின்டனன்ஸில் மற்ற எல்லோருக்கும் இருந்தது. அவர் ஒருவருக்குத்தான் இல்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவர் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தில் டிக் போடாமல் கொஞ்ச நேரம் நான் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.

அன்று மாலை பென்னலூரில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்து, என் புருவத்தைப் பார்த்தார். நான் யாரென்று அவருக்குப் புரிந்துவிட்டது.

“உள்ளதான் கீறாரு. ஒரு பக்கம் காது கேக்கல. இன்னா சொல்லணும், என்னாண்ட சொல்லு.”

பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.