வளைவில் பெட்டி சொன்ன சொல்

சாலையோரக் கம்பத்தையும் ஓடும் வண்டியையும் பேச வைப்பது என் தொழிலாக இருந்தது. இரண்டுக்கும் அதில் விருப்பமில்லை என்பதை முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டேன். வெளிநாட்டுக் கம்பெனிகள் பெங்களூரில் கடை விரித்து, எங்களைப் போன்றவர்களை ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்த காலம். என் பங்குக்குச் சித்தூரும் திருப்பதியும் வந்தன. கம்பத்தில் ஒரு பெட்டி, வண்டியில் ஒரு பெட்டி. அருகே வளைவு, அருகே நெரிசல் என்று கம்பம் வானலையில் சொல்லும். வண்டிப் பெட்டி அதை ஓட்டுநருக்குச் சொல்லும். எந்தக் கம்பெனியின் பெட்டியானாலும் ஒன்றுக்கொன்று புரிய வேண்டும் என்று, விதிகளை யாரும் படிக்கும்படி பொதுவில் வைத்திருந்தார்கள். அதற்குத் திறந்த தரநிலை என்று பெயர். தலைமை அலுவலகம் அனுப்பிய பொருளை வெயிலில் நின்று விளக்கி வசை வாங்கிய அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், இனி வருவதை நம்புவதில் சிரமம் இருக்காது.

கேமரா அல்ல

முதல் கம்பத்தைத் திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியில் நட்டோம். எதிரில் பூ விற்றுக்கொண்டிருந்த கஸ்தூரியம்மா மூன்று நாள் எங்களைக் கவனித்துவிட்டு, இது கேமராதானே என்று கேட்டார். இல்லை என்றேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஒளி அலை வேறு, வானலை வேறு என்று தொடங்கிக் கால் மணி நேரம் விளக்கினேன். ஊராருக்கும் சந்தேகம் வரக்கூடாது, "இது கேமரா அல்ல" என்று தமிழிலும் தெலுங்கிலும் ஒரு பலகை மாட்டிவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் தொடுத்துக்கொண்டிருந்த சரத்தை மடியில் வைத்தார்.

"போர்டு கீர்டு மாட்டிடாத நைனா. கேமரான்னு நெனச்சிக்கினுதான் ஆட்டோக்காரனுங்க மூணு நாளா மெதுவா போறானுங்க."

ஒரே பாடம்

கம்பப் பெட்டி ஒரு கம்பெனி, வண்டிப் பெட்டி வேறொரு கம்பெனி. இரண்டும் ஒரே தரநிலையின்படி செய்தவை. இரண்டுக்கும் சான்றிதழ் இருந்தது. ஆனாலும் பேசவில்லை. விதிப்புத்தகத்தை ஒரு வாரம் படித்தேன். "செய்ய வேண்டும்" என்றிருந்த இடங்களில் இருவரும் செய்திருந்தார்கள். "செய்யலாம்" என்றிருந்த இடங்களில் ஒருவர் செய்ததை மற்றவர் செய்யவில்லை. வேண்டும், லாம் என்ற இரண்டுக்கும் உள்ள இலக்கண வேறுபாட்டைப் பற்றித் தலைமை அலுவலகத்துக்கு நான்கு பக்கம் எழுதினேன். பதில் இல்லை.

எங்கள் எலக்ட்ரீஷியன் ரமணய்யாவுக்கு வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். ஏணியிலிருந்து இறங்கியவர் என் நான்கு பக்கத்தைச் சுருக்கித் தந்தார்.

"ரெண்டும் ஒரே பாடந்தான் சார் படிச்சிருக்குது. சாய்ஸ்ல உட்டது வேற வேற."

பதிவில் உள்ளபடி

பெட்டிகள் ஒருவழியாகப் பேசத் தொடங்கியதும் சித்தூர்ப் பக்கத்துப் பங்காருபாளையம் வந்தோம். மாம்பழக் கூழ் ஆலை ஒன்றின் லாரிகளில் வாய்விட்டுப் பேசும் பெட்டிகளைப் பொருத்தினோம். ஓட்டுநர்களில் செல்வராசு, தமிழ்நாட்டு எல்லையோரம் விஜயபுரம் பக்கத்துத் தமிழர். ஆறு வருடம் குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டியவர். இனிப் போகமாட்டேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு இங்கே தற்காலிகமாகச் சேர்ந்திருந்தார். மூன்று மாதம் குறையில்லாமல் ஓட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடியும் குவைத்து.

இரண்டாம் மாதம், அவர் லாரியில் பெட்டி பொருத்திய மறுநாளே, மலைச்சாலை வளைவில், முன்னால் போன டிராக்டரை முந்தினார். எதிரே பஸ். பஸ்காரர் மண்ணில் இறக்கியதால் எல்லோரும் பிழைத்தார்கள். எங்கள் பெட்டி யாவற்றையும் பதிந்துவைத்திருந்தது: கம்பம் எச்சரித்தது, பெட்டி உரக்கச் சொன்னது, உடனே ஓட்டுநர் முந்தினார். ஆலை மேலாளர் அந்தத் தாளை அவர்முன் நீட்டி, எச்சரித்தும் ஏன் முந்தினாய் என்று கேட்டார். செல்வராசு தாளைப் பார்க்கவில்லை.

"நானா போவல சார். பொட்டிதான் முந்துன்னுச்சி."

முந்து

மேலாளர் சிரித்தார். நாளை முதல் வர வேண்டாம் என்றார். என் கம்பெனி, ஓட்டுநரின் தவறு என்று இரண்டே வரி எழுதி அனுப்பச் சொன்னது. எழுதுமுன் அதே லாரியில் அதே வளைவுக்குப் போனேன். பெட்டி தெளிவான தெலுங்கில் பேசியது: "முந்து மலுப்பு உந்தி." முன்னால் வளைவு இருக்கிறது என்று பொருள். தெலுங்கில் முந்து என்றால் முன்னால். தமிழில் அது கட்டளை. மிச்ச இரண்டு சொற்களும் இன்ஜின் சத்தத்தில் கரைந்துவிட்டன.

தரநிலையில் பிழையில்லை. கம்பம் அனுப்புவது வளைவுக்கான ஓர் எண்ணை மட்டுமே. அதை எந்தச் சொல்லால் சொல்வது என்பது பெட்டிக்காரர் விருப்பம். அந்தச் சொல்லைத் தேர்ந்தவன் நான். பெட்டிக் கம்பெனி அனுப்பிய பட்டியலில் "டர்னிங்" என்றுதான் இருந்தது. கொச்சை என்று சிவப்பு மையில் அடித்து, நல்ல தெலுங்கு எழுதிக் கொடுத்திருந்தேன்.

இதையெல்லாம் எழுதி, கையெழுத்திட்டு, மேலாளரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். செல்வராசுக்குத்தான் தெலுங்கு நன்றாக வருமே என்று கேட்டார். வரும் என்று செல்வராசுவே ஒப்புக்கொண்டார். ஆனால் மனிதர் பேசினால் முகத்தைப் பார்த்துத் தெலுங்கா தமிழா என்று தெரிந்துகொள்ளலாம், பெட்டிக்கு முகமில்லையே என்றார். மேலாளர் லாரியில் ஏறிப் போய், தானே கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். பழைய தாளைக் கிழித்துவிட்டு, நாளை காலை ஆறு மணிக்கு லோடு என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதம் வேலை நிரந்தரமாயிற்று.

தாள் கிழிந்த அன்று மாலையே பெட்டிக்குப் புதிய சொல் தேடி, மூன்று அகராதிகளை லாரியின் பானெட்மேல் விரித்துவைத்திருந்தேன். சக்கரத்துக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்த செல்வராசு நிமிர்ந்தார்.

"டர்னிங்னே சொல்லட்டும் சார். தெலுங்குல டர்னிங்கு, தமிழ்லயும் டர்னிங்குதான்."

எல்லோருக்கும் திறந்து கிடந்த ஒரு சொல்லை இரண்டு மொழிப் புலமையையும் சேர்த்துப் பூட்டுவது எப்படி என்பதுதான் அந்தத் தொழிலில் நான் முழுதாகக் கற்றுத் தேர்ந்த ஒரே வேலை.