கல்லுப்பூவுக்குக் காற்றடிக்கிறவர்

இருநூற்று எண்பதைத் தாண்டிவிட்டால் குஞ்சிதபாதம் உரக்க எண்ணத் தொடங்கிவிடுவார். சைக்கிள் பம்பின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பை மடக்கி மடக்கி ஒரு லாரி டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டே, "எரநூத்தி எம்பத்தொண்ணு, எரநூத்தி எம்பத்திரெண்டு" என்று எங்கள் பிளாக் முழுவதும் கேட்கிற குரலில் எண்ணுவார். முந்நூறில் நிறுத்துவார். டியூபின் வாயில் கட்டிய மெல்லிய ரப்பர்க் குழாய்க்கு ஒரு திருகு இடுக்கி போட்டிருக்கிறார். அதை அரைத் திருகு தளர்த்திவிட்டுக் குழாயின் மறு நுனியைக் குனிந்து பார்ப்பார். அங்கே கண்ணாடித் தொட்டிக்குள், கடல் தண்ணீரில், ஒரு பிரம்புத் துண்டிலிருந்து பொடிப் பொடியாகக் குமிழி கிளம்பும். "ஒரு ஷிப்டுக்குத் தாங்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் சட்டையை மாட்டுவார். ஷிப்டு முடிந்து வந்ததும் மறுபடி முந்நூறு.

சுரங்கத்தில் அவர் பம்ப் ஆபரேட்டர். நெய்வேலி மண்ணுக்கு அடியில் நிலக்கரி, நிலக்கரிக்கு அடியில் தண்ணீர். அதை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே ஆள் நிற்க முடியும். எட்டு வருஷம் மோட்டார் இரைச்சலில் நின்றதில் காது பாதி போய்விட்டது. ஆனால் ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங்கில் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்டால் எந்த பம்ப் எப்போது படுக்கப்போகிறது என்று சொல்லிவிடுவார். பம்புகளை 'அவரு' என்பார். "மூணாம் நம்பரு அவருக்கு இன்னிக்கி ஒடம்பு சரியில்லீங்க." மேலதிகாரிகளை அவர் அப்படி மரியாதையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

வீட்டில் அவரும் மகள் தனகோடியும்தான். மனைவி காந்திமதி, குவார்ட்டர்ஸ் கிடைத்த வருஷமே காலராவில் போய்விட்டாள். தனகோடிக்குப் பன்னிரண்டு வயது. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் சூம்பிவிட்டன. உள்ளங்கைக்கு ஒன்றாகக் கன்வேயர் பெல்ட்டு ரப்பரை வெட்டித் தைத்து மாட்டிக்கொண்டு, தரையோடு தரையாகக் கையை ஊன்றி நகருவாள். என்ன வேகம் என்கிறீர்கள்! நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அடுப்படியிலிருந்து வந்து, "ஒக்காருங்க சார், அப்பா எண்ணிகினு இருக்காரு" என்பாள்.

தொட்டி வந்த கதைக்கு மூலகாரணம் ஒரு குழம்பு. கடலூரிலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவந்து விற்கும் சாமியம்மாள், ஒருநாள் பானைத் தண்ணீரில் உயிரோடு மூன்று கீச்சான் குஞ்சுகளை வேடிக்கைக்காகக் கொண்டுவந்தாள். தனகோடி அவற்றைக் குழம்பில் போட விடவில்லை. குழாய்த் தண்ணீரில் விட்டார்கள். விடிவதற்குள் மூன்றும் மல்லாந்துவிட்டன. பெண் இரண்டு நாள் சோறு தொடவில்லை. குஞ்சிதபாதம் அந்த வாரமே இரண்டு பீங்கான் ஊறுகாய் ஜாடிகளோடு பஸ் ஏறிக் கடலூர் முதுநகர் போய், கடல் தண்ணீரும் புதிதாக மூன்று கீச்சானும் கொண்டுவந்தார். தொட்டி என்பது டெலிபோன் ஆபீஸில் கழித்துக்கட்டிய பாட்டரிக் கண்ணாடி ஜாடி. மீன் ஒளிந்துகொள்ளட்டும் என்று துறைமுகத்துக் கரையிலிருந்து பாசி பிடித்த கல் ஒன்றையும் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பஸ் கண்டக்டர், "கல்லுக்கும் டிக்கெட்டு எடுய்யா" என்றாராம்.

மூன்றாம் நாள் தனகோடி கத்தினாள்: "அப்பா, கல்லு பூத்துடுச்சு!"

நானும் போய்ப் பார்த்தேன். கல்லின் ஓரத்தில், முன்தினம் வரை ஊறிய பாக்கு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பழுப்புக் கட்டி, வாய் திறந்து, சுற்றிலும் நூறு விரல்களை விரித்து ஆட்டிக்கொண்டிருந்தது. விரல் நுனிகளில் இளம்பச்சை. நான் டவுன்ஷிப் நூலகத்தில் வேலை பார்க்கிறவன். நாலு புத்தகத்தைத் தூக்கி அடுக்குகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்கிற திமிர் எனக்கு உண்டு. "கடல் பூண்டு. ஒரு வகைச் செடி" என்று தீர்ப்பு சொன்னேன். சாமியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "அய்ய, தூக்கிக் கடாசுங்க. தொட்டா சொறி புடிக்கும்" என்றாள். குஞ்சிதபாதம் இரண்டு பேரையும் நம்பவில்லை. சாமியம்மாள் கூடையிலிருந்து ஒரு இறாலைக் கிள்ளி, ஈர்க்குச்சி முனையில் குத்தி, அந்த விரல்களுக்கு நடுவில் நீட்டினார். விரல்கள் மடங்கின. இறால் உள்ளே போயிற்று. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "செடி இறா துன்னுமா சார்?" என்றார். அன்றைக்கு என் மூக்கு நன்றாக உடைந்தது.

பரிகாரமாக நான்தான் பரங்கிப்பேட்டை கடல் ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். அங்கே படிக்கும் ராயப்பன் என்கிற மாணவர், பொறுமைசாலி, மணி மணியான கையெழுத்தில் பதில் எழுதினார். அது பூவல்ல, பிராணி. கடல் சாமந்தி என்று பெயர். அடிப்பக்கம்தான் அதற்குக் கால், அதனால்தான் கல்லைப் பிடித்திருக்கிறது. பிய்த்து எடுக்கக் கூடாது, கிழிந்தால் செத்துவிடும். மூன்று நாளைக்கு ஒரு துண்டு இறால் போதும், மீதியை உடனே எடுத்துவிட வேண்டும். தண்ணீர் வற்றினால் கடல் தண்ணீரை ஊற்றக் கூடாது, உப்பு ஏறிவிடும். நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். கடைசி வரி: 'கவனமாக வளர்த்தால் நாற்பது, ஐம்பது ஆண்டுகள்கூட உயிரோடிருக்கும்.'

கடைசி வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார் குஞ்சிதபாதம். காது கேட்கவில்லையோ என்று சத்தமாகப் படித்தேன். "கேட்டுச்சுங்க. அம்பது வருசம்னா அதுவரைக்கும் யாருங்க பாக்கறது?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

காற்று விஷயத்தில் ஒரு பெரிய பிழை நடந்தது. முதலில் அவர் கையால் அடிக்கவில்லை. லாரிக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸரில் டியூபை நிரப்பி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். ஒரு நிமிஷ வேலை. பம்ப்காரர் மூளை என்று நானே மெச்சினேன். பத்து நாளில் தண்ணீர்மேல் வானவில் மாதிரி ஒரு படலம். கம்ப்ரஸர் காற்றோடு கண்ணுக்குத் தெரியாத எண்ணெயும் வரும். அது இயந்திரத்தோடு வாழ்கிற அவருக்குத் தெரியாதா? தெரியும். தொட்டியோடு சேர்த்து அதை நினைக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு கீச்சான்கள் செத்தன. சாமந்தி சுருங்கிப் பித்தான் அளவுக்கு ஆகிவிட்டது. செய்தித்தாளைத் தண்ணீர்மேல் விரித்து விரித்து எண்ணெயை ஒற்றி எடுத்தார். "எங்கையாலயே வெசம் வச்சிட்டங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்று எடுத்ததுதான் சைக்கிள் பம்ப்.

மிச்சமிருந்த ஒரு கீச்சானைச் சாமந்தியே தின்றது. குணமாகி விரிந்த மறுவாரம், அருகில் போன மீனைப் பிடித்து, வால் மட்டும் வெளியே துடிக்க, மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டது. தனகோடி முகத்தைத் திருப்பாமல் கடைசிவரை பார்த்தாள். குஞ்சிதபாதத்துக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "சனியன், கல்லோட தூக்கிக் கெடாசறன் பாரு" என்று கையை விட்டார். பெண் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுப்பா. அதுக்குப் பசிச்சுது. போயித் தேட முடியுமா அதால? வந்ததத்தான துன்னும்?"

அவர் கையை வெளியே எடுத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் மீன் கிடையாது, கல்லுப்பூ மட்டும்தான்.

இந்தச் சித்திரையில் ஆள் இளைக்கத் தொடங்கினார். முந்நூறை எழுபத்தைந்து எழுபத்தைந்தாக நாலு தவணையில் அடித்தார். எண்ணும் குரல் எங்கள் வீட்டுக்கு எட்டவில்லை. ஒருநாள் நூலகத்துக்கு வந்து, புத்தகம் எதுவும் கேட்காமல் எதிரே நின்றார்.

"வயித்துல கட்டிங்க சார். புதுச்சேரி ஆஸ்பத்திரியில பாத்துட்டாங்க. அறுக்க முடியாதாம். அதுவும் கூப்புடாம வந்து குந்திகினதுதான. பிச்சா கொடலும் கூடவே பிஞ்சிகினு வருமாம்."

எத்தனை நாள் என்று நான் கேட்குமுன் அவரே சொன்னார். "தீவாளி பாப்பேன்னாரு டாக்டரு. பொங்கலப் பத்திப் பேச்சே எடுக்கல." நான் ஏதோ மதுரையில் ஒரு வைத்தியர் இருப்பதாக உளறினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, மரியாதையாக விடைபெற்றுப் போனார்.

ஆள் போனால் குவார்ட்டர்ஸும் போகும். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து அவர் தங்கை செங்கமலம் வந்தாள். கூலி வேலைக்குப் போகிறவள், நல்லவள், வாய் மட்டும் கொஞ்சம் காரம். நான் இருக்கும்போதே பேசினார்கள்.

"ஒம் பொண்ணு எம் பொண்ணு இல்லியாண்ணா? நான் பாத்துக்கறன். ஆனா இந்தத் தொட்டி ஆவாது. களையெடுக்கப் போனன்னா பொழுது சாயத்தான் வூடு வர்றவ நான். குந்திகினு இதுக்குக் காத்தடிச்சிகினு இருப்பனா?"

"நான் அடிப்பேன் அத்த" என்றாள் தனகோடி.

"எல்லாம் நீயே செய்வியா? தண்ணி ஊத்தறது, துன்ன வைக்கிறது, கழுவறது? நான் ஒரு வெரலு வைக்க மாட்டன் பாத்துக்கோ. வச்சா அப்புறம் எந் தலையில கட்டிடுவீங்க."

"செய்வேன்."

"ஒன்னால முடியலன்னா அன்னிக்கே அது தெருவுல. சொல்லிட்டன்."

"சரி" என்றாள். மறுநாள் காலையில் எண்ணுகிற குரல் மறுபடி எங்கள் வீடுவரை கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். பம்பின் அடியைக் குஞ்சிதபாதம் காலால் மிதித்துக்கொண்டிருக்க, அவள் உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தாள். எண்ணியது அவள். கையில் வலு உண்டு. ஒன்பது வருஷமாக அதில்தானே நடக்கிறாள்! ஒரு வாரத்தில் பம்பின் அடியை ஒரு பலகையில் ஆணி அடித்து இறுக்கிக் கொடுத்துவிட்டார், மிதிக்க ஆள் வேண்டாம் என்று. அழுக்குத் தண்ணீரை மாற்ற, மாதத்துக்கு ஒரு ஜாடி கடல் தண்ணீரை முத்தாண்டிக்குப்பத்தில் இறக்கிவிட்டுப் போகச் சாமியம்மாளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். "சொறி புடிச்ச சனியன்" என்று திட்டிக்கொண்டேதான் அவளும் ஒப்புக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். முத்தாண்டிக்குப்பத்து மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று தனகோடியைச் செங்கமலம் அழைத்துப் போயிருந்தாள். "ரெண்டு நாளு அங்க பழகட்டும்னு அனுப்பிச்சங்க." தொட்டி பாதித் தண்ணீரோடு தரையில் இருந்தது. அதைத் தாங்கும் ஸ்டாண்டைக் கவிழ்த்துப் போட்டு நாலு காலையும் ரம்பத்தால் அறுத்து முடித்திருந்தார். அது அவர் இடுப்பு உயரம் இருந்த ஸ்டாண்டு. தனகோடி வேடிக்கை பார்க்கலாம், கை எட்டாது. நாலு கால் அறுக்க அவருக்குக் காலையிலிருந்து ஆகியிருக்கிறது. தரையெல்லாம் மரத்தூள். பனியன் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. "என்னைக் கூப்பிட்டிருக்கலாமே" என்றேன். அவர் ரம்பத்தை மரத்தூளில் போட்டுவிட்டு ஸ்டாண்டை நிமிர்த்தினார்.

"ஒரு கை குடுங்க சார்" என்றார். தொட்டியைத் தூக்கிக் குட்டை ஸ்டாண்டில் வைத்தோம். என் இடுப்பே பிடித்துக்கொண்டது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்? பாக்கித் தண்ணீரை ஊற்றினார். கல்லில் அது மெல்ல விரிந்தது.

பிறகு அவர் அடுப்படி வாசலுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தார். இரண்டு காலையும் செத்த மாதிரி பக்கத்தில் போட்டுக்கொண்டு, உள்ளங்கைகளை ஊன்றி, உடம்பைத் தரையில் இழுத்துக்கொண்டு தொட்டியை நோக்கி நகர்ந்து வந்தார். பாதி தூரத்தில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் எழுந்தேன். கையைக் காட்டி என்னை உட்காரச் சொல்லிவிட்டு மீதியையும் நகர்ந்தார். தொட்டியடியில் வந்ததும் மகள் உயரத்துக்கு முதுகைக் கூனி, மடியிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்தார். "வளையலுக்குன்னு சொல்லி அவ கையத் தோள்லேர்ந்து வெரலு வரைக்கும் அளந்து வச்சங்க" என்றார். ஒரு நுனியைத் தன் தோளில் வைத்து அழுத்தி, முடிச்சுப் போட்ட மறு நுனியைக் கையோடு சேர்த்துப் பிடித்துத் தொட்டிக்குள் விட்டார்.

முடிச்சு கல்லுக்கு இரண்டு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது.

அவர் எழுந்திருக்கவில்லை. காலை அப்படியே போட்டபடி, ஒரு கையைப் பின்னால் நீட்டி, மரத்தூளுக்குள் ரம்பத்தைத் துழாவினார்.