நான் கண்ட தலைப்பிறை

எனக்கு ஒற்றைத் தலையிடி வருவதற்கு முன்னால் கண்ணுக்குள் ஒரு வெளிச்சம் வரும். முதலில் மெல்லிய கீற்று. பிறகு அது வளைந்து பெருத்து, கதிர் அறுக்கும் தாக்கத்தியைப் போலப் பல்லுப் பல்லாக மின்னும். அரை மணித்தியாலத்தில் அது ஓய, இடி தொடங்கும். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். ஒருநாள் கரும்பலகையில் சமன் குறிக்கு வலப்பக்கம் இருந்ததெல்லாம் எனக்குக் காணாமல் போயிற்று. பிள்ளைகள் யாரும் பதறவில்லை. அந்தப் பக்கம் அவர்களுக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை.

எங்கள் ஊரில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே பன்னிரண்டு வருடமாக நான் வருத்தக்காரனாகப் படுத்துக் கிடப்பது மாமியின் வீட்டில். மாமிக்கு என் தலையிடி யாரோ கண்வைத்த கண்ணூறு. மனைவியின் தம்பிக்கு அது வேலைக்கள்ளம். "தேங்காய் துருவுற நேரம் பாத்துத்தான் மச்சானுக்குத் தலையிடிக்கும்" என்பான். மனைவி குளிசையையும் தண்ணீரையும் நீட்டிவிட்டுப் போய்விடுவாள். கண்ணுக்குள் வெளிச்சம் தெரிகிறது என்றால், "ஃபோனக் கொறச்சுப் பாருங்க" என்பாள்.

போன நோன்பின் இருபத்தொன்பதாம் நாள் பின்னேரம் எல்லோரும் பிறை பார்க்க மொட்டைமாடிக்கு ஏறினோம். எங்களுக்குக் கடல் கிழக்கே. பிறைக்குக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயல் பக்கம் பார்க்க வேண்டும். பகல் முழுதும் வெறும் வயிறு, முகத்துக்கு நேரே பொழுது சாய்கிற கூச்சம். தலையிடிக்கு இதைவிட நல்ல வரவேற்பு கிடையாது. பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கடித்தபடி மேற்கே பார்த்தேன். தென்னைகளுக்கு மேலே வெள்ளியாய் ஒரு வளைவு.

"அந்தா, பிறை!" என்று கத்தியது நான்தான்.

வேறு யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் என் கண்ணை அந்த வீடு அன்றைக்குத்தான் முதல் தடவையாக நம்பியது. "மருமகனுக்கு நல்ல கண்" என்று சொல்லிக்கொண்டே மாமி பெருநாள் பலகாரமான வட்டிலப்பத்துக்குத் தேங்காய் உடைக்கக் கீழே இறங்கினார். மச்சான், மனைவியின் தம்பி, பள்ளிவாசலுக்கு ஃபோன் போட்டான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். பிறையைத் தவறவிட்டுவிடுவேனோ என்ற பயத்தில் கழுத்தைத் திருப்பாமல் நின்றேன்.

பள்ளிவாசல் இரண்டு வளவு தள்ளித்தான். அதன் நிர்வாகி மரைக்காயர் ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். என் சாட்சியை எடுத்துக் கொழும்புப் பெரிய பள்ளிவாசலுக்குச் சொல்வார்கள். ஏற்றுக்கொண்டால் நாளை பெருநாள். நான் கண்டது பிழையென்றால் ஊருக்கே ஒரு நோன்பு போய்விடும், அந்தப் பாவம் என் தலையில்.

"கொம்பு எந்தப் பக்கம் இரிக்கி?"

"மேல."

"இப்பயும் தெரியுதா?"

"ஓம், தெரியுது."

"அல்லாஹ் மேல ஆணையாச் சொல்லுங்க."

சத்தியம் ஆயிற்றே என்று பக்தியோடு கண்ணை மூடினேன். பிறை போகவில்லை. மூடிய இமைக்குள்ளேயே நின்றது, முன்னைவிடப் பெரிதாக, பல்லெல்லாம் முளைத்து, மின்னிக்கொண்டு.

பிறைதான் என்று சத்தியம் செய்துவிட்டால் என்ன என்று ஒரு நொடி நினைத்தேன். கீழே மாமி தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

"இது பிறையில்ல மரைக்கார். என்ட தலையிடி வருத்தம்."

மரைக்காயர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போய்க் கஞ்சியக் குடிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மச்சான் சிரித்த சிரிப்பு பள்ளிவாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

இஷாத் தொழுகைக்குப் பிறகு, இருட்டறையில் இடியோடு கிடந்தேன். வேறோர் ஊரில் பிறை கண்டார்களாம், நாளை பெருநாள் என்று ரேடியோ அறிவித்தது. தெரு முழுதும் சீனவெடி. ஒவ்வொன்றும் என் மண்டைக்குள் வெடித்தது. மாமி கதவைத் திறந்து லைட்டையும் போட்டார்.

"பாத்தீங்களா மருமகன், நீங்க கண்டது பிறைதான்! ஏன் இல்லெண்டு சொன்னீங்க?"

"அது என்ட தலையிடி மாமி."

"சும்மா இரிங்க. தலையிடியாம் தலையிடி."

எனக்குக் கோபத்தில் அழுகையே வந்துவிட்டது.

மாமி போனபிறகு மனைவி வந்தாள். லைட்டை அணைத்தாள். ஜன்னலுக்குத் தடித்த போர்வையைப் போட்டாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இஞ்சாருங்க. மாடில கண்ண மூடினீங்களே, மூடினாலும் தெரிஞ்சதா?"

"ஓம்."

"எப்பிடி இரிக்கும்? இதில கீறிக் காட்டுங்க."

உள்ளங்கையை நீட்டினாள். இந்தக் கேள்விக்காக நான் பன்னிரண்டு வருடம் காத்திருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. விரலால் வளைவைக் கீறினேன். பிறகு பல்லுகளை ஒவ்வொன்றாகக் கீறிக்கொண்டு போனேன்.

"இத்தனை பல்லா?" என்றாள்.