முப்பது மாடி நாற்காலி

எங்கள் வகுப்பில் பதினான்கு பேர். அதில் மூத்தவர் மேங் ஜோங்ரே அக்கா, வயது ஐம்பத்து நான்கு. தென் கொரியாவில் எங்கள் தேகு நகரத்தில் பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் கோட்டுக்கு அளவு போட்டு வெட்டியவர். தொழிற்சாலை வியட்நாமுக்குப் போய்விட்டது. அக்கா இங்கேயே நின்றுவிட்டார். வேலை போனவர்களுக்கு அரசாங்கம் நடத்தும் ஆறு மாதப் பயிற்சியில், எல்லாரும் சமையலோ முதியோர் பராமரிப்போ எடுக்க, இவர் முப்பரிமாண அனிமேஷன் எடுத்தார்.

"துணி வெட்டத் தெரியும். திரையில வெட்டினா விரலாவது மிஞ்சும்" என்றார் முதல் நாள், பாதி நகம் இல்லாத ஆள்காட்டி விரலைக் காட்டி.

மூன்று நாள் அவருடைய கம்ப்யூட்டர் அவர் பேச்சைக் கேட்கவில்லை. வாத்தியார் 'நகர்த்த இந்த விசை, சுழற்ற அந்த விசை' என்பார். எங்கள் திரையில் கனசதுரம் நகரும். அக்கா திரையில் அது பிடித்து வைத்த கொழுக்கட்டை மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கும். விசைப்பலகை கொரிய எழுத்தில் இருந்ததுதான் கோளாறு. அதை ஆங்கிலத்துக்கு மாற்றாவிட்டால் குறுக்குவிசை எதுவும் வேலை செய்யாது. இங்கே புதிதாக வரும் எல்லாரும் விழும் குழி அது. கையைத் தூக்கிக் கேட்டிருந்தால் ஒரு நொடி வேலை. ஆனால் எங்கள் ஊரில் யார் கையைத் தூக்குவார்கள்? ஒருவர் கேள்வி கேட்டால் பதின்மூன்று பேருடைய நேரம் வீண். அக்கா மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு என் கனசதுரமே பெரிய பாடு.

நான் நோ ஹேவோன். முப்பத்தெட்டு வயது. தனிப்பயிற்சிக் கூடத்தில் கணக்கும் இயற்பியலும் சொல்லிக் கொடுத்தவள். பிள்ளைகள் பிறப்பதே குறைந்து போனதில் கூடம் மூடிவிட்டது.

பயிற்சி முடியும் வாரம் தோ என்ற எங்கள் வாத்தியார், இருபத்தேழு வயதுப் பையன், ஒரு செய்தி சொன்னார். குழந்தைகளுக்கான தொடர் செய்யும் ஒரு நிறுவனத்திலிருந்து யோம் என்ற அம்மையார் வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு வருகிறார். எல்லாரும் பத்து வினாடிப் படம் காட்ட வேண்டும். வேலைக்கு எடுக்கப்போவது ஒரே ஒருவரை.

அக்காவுக்கு அந்த வேலை கிடைக்காவிட்டால் போக இடம் இருந்தது. நாத்தனாரின் சூப்புக் கடையில் பாத்திரம் கழுவ. "நாளைக்கே வந்துடு, கையுறை கூட வாங்கி வச்சிட்டேன்" என்று அந்த அம்மாள் வாரம் ஒருமுறை போன் செய்வார். போனை வைத்ததும் அக்கா மறுபடி மௌஸைப் பிடிப்பார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வேலை மேல் எனக்கும் கண் இருந்தது. நான் ஒரு டிராகன் செய்து வைத்திருந்தேன்.

அக்காவின் படம் எளிமையானது. கதவு திறக்கும். ஒரு பள்ளிச் சீருடைக் கோட்டு பறந்து வந்து நாற்காலி மேல் விழும். பிள்ளை பள்ளி விட்டு வந்துவிட்டது என்று அர்த்தம். ஆள் செய்ய வராததால் ஆள் கிடையாது. ஆனால் அந்தக் கோட்டு இருக்கிறதே, காலர் மடிப்பு, கைப்பட்டி, தையல் ஓரம் எல்லாம் அச்சு அசல். ஒரே குறை, அது விழ மறுத்தது. குளத்தில் போட்ட பாலித்தீன் பை மாதிரி மிதந்து மிதந்து இறங்கியது. பத்து வினாடிப் படத்தில் ஐந்து வினாடி கோட்டு அந்தரத்தில்.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரும் கிம்பாப் சோற்றுச் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தபோதும் அக்கா திரையை விட்டு எழவில்லை.

"அம்மா, துணியோட எடையைக் கூட்டிப் பாருங்க" என்றார் வாத்தியார்.

"கூட்டிட்டேன் சார். இப்ப இரும்புக் கோட்டு. அதுவும் மெதுவாத்தான் வருது."

"எடைக்கும் விழுற வேகத்துக்கும் என்ன சம்பந்தம்? இதெல்லாம் எட்டாவது பாடம்" என்று நான் முணுமுணுத்தேன். வாத்தியார் காதில் விழாத மாதிரி நகர்ந்துவிட்டார்.

அக்கா சட்டென்று எழுந்தார். தான் போட்டிருந்த கோட்டைக் கழற்றி, தலைக்கு மேல் தூக்கி, நாற்காலி மேல் விட்டார். தொப்பென்று விழுந்தது. மறுபடி எடுத்து விட்டார். மறுபடி தொப்.

"ஏம்மா ஹேவோன், நீ கணக்குக்காரிதானே? இது விழ எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாரேன். கண்ணுக்குப் பிடிபட மாட்டேங்குது."

போனில் படம் பிடித்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். "அரை வினாடி அக்கா."

"திரையில அஞ்சு. பத்து மடங்கு. ஏன் சரியா பத்து?"

அந்தக் கேள்வியில் எனக்கு விடை வந்துவிட்டது. விழ ஆகும் நேரம் பத்து மடங்கு என்றால் விழுந்த தூரம் நூறு மடங்கு. பத்து வருடம் இதைப் பிள்ளைகள் மண்டையில் அடித்து ஏற்றியவள் நான். விடை வந்ததும் நான் செய்தது என்ன தெரியுமா? "இதோ வரேன்" என்று எழுந்து போய், காகிதக் கோப்பையில் காபிப் பொடி கலந்து, ஜன்னலோரம் நின்று முழுசாகக் குடித்தேன். அப்போது மணி ஒன்று ஐந்து. ஐம்பத்தைந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கோட்டு மிதக்கும், டிராகன் பறக்கும்.

திரும்பிப் பார்த்தேன். அக்கா மறுபடியும் கோட்டைத் தூக்கிக்கொண்டிருந்தார். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

"அக்கா, உங்க நாற்காலி எவ்வளவு உயரம்?"

"எண்பத்தஞ்சு."

"எண்பத்தஞ்சு என்ன?"

"எண்பத்தஞ்சுன்னா எண்பத்தஞ்சுதான்! இதென்ன கேள்வி? வெட்டுற இடத்துல யாராவது 'தோள் நாப்பத்திரண்டு சென்டிமீட்டர்'னு இழுத்துக்கிட்டு நிப்பாங்களா? நாப்பத்திரண்டுன்னா கத்தரி ஓடும்."

"இந்த மென்பொருளுக்கு ஒண்ணுன்னா ஒரு மீட்டர். நீங்க எண்பத்தஞ்சு போட்டதால உங்க நாற்காலி முப்பது மாடி அப்பார்ட்மென்ட் உயரம். கோட்டு அதுக்கும் மேல இருந்து விழுது. அஞ்சு வினாடி ஆகாம என்ன செய்யும்?"

அக்கா திரையைத் தட்டினார். "அதான் கேமராவைக் கொஞ்சம் பின்னால நகர்த்தினா அறையே காணாமப் போச்சா? கம்ப்யூட்டர் கிழடுன்னு நினைச்சேன். மீட்டர்னு எப்பச் சொன்னாங்க?"

"இரண்டாம் நாள்."

இரண்டாம் நாள் அக்கா நகராத கனசதுரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் நூறில் ஒரு பங்காகக் குறுக்கினோம். ஓட்டினால் கோட்டு நாற்காலியைத் தொட்டதும் சுட்டுக்கொண்டது போல எகிறிக் குதித்தது. அக்கா தலையில் கை வைத்தார். அடுத்து அவர் செய்ததைத்தான் நான் இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கையைத் தூக்கினார். நேராக, காது ஒட்ட.

"சார்! ஒரு சந்தேகம்!"

கிம்பாப் மென்ற வாய்கள் நின்றன. வாத்தியார் ஓடி வந்தார். பாவம், ஆறு மாதமாக அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "குறுக்கினா மட்டும் போதாதும்மா, அந்த அளவை நிலைப்படுத்தணும். இல்லைன்னா கோட்டு தன் மனசுக்குள்ள இன்னும் பெரிசுன்னே நினைச்சுக்கிட்டிருக்கும்." ஒரே கட்டளை. ஒன்று ஐம்பதுக்கு மறுபடி ஓட்டினோம். தொப்.

யோம் அம்மையார் பன்னிரண்டு பேரின் படத்துக்கு "நல்லா இருக்கு" என்றார். என் டிராகனுக்கும் அதே "நல்லா இருக்கு". அக்காவின் படத்தை மட்டும் மூன்று தடவை ஓட்டச் சொன்னார்.

"தோள் முதல்ல விழுது, மத்ததெல்லாம் அது மேல மடியுது. ஏன்?"

"தோளுக்குள்ள கெட்டித் திண்டு வச்சுத் தைச்சிருக்கு. அது வளையாது. வளையாதது நேராப் போய் இடிக்கும், வளையுறது அதைச் சுத்திப் படுக்கும்."

"செய்யும்போது சிக்கல் எதுவும் வந்ததா?"

வாத்தியார் பின்னால் நின்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். இல்லை என்பதுதான் இங்கே வழக்கமான பதில்.

"வந்துது. அறுபத்தெட்டு மீட்டர் நீளத்துல ஒரு கோட்டு தைச்சுட்டேன். இவதான் கண்டுபிடிச்சா."

அறையே சிரித்தது. யோம் அம்மையார் சிரிக்கவில்லை. "எங்க பசங்க துணி சரியா விழலைன்னா ரெண்டு நாள் நம்பரை மாத்தி மாத்திப் போடுவாங்க. நீங்க?"

"கோட்டைக் கழட்டிக் கீழ போட்டேன்."

அம்மையார் தன் குறிப்பேட்டை மூடினார். "திங்கக்கிழமை வந்துடுங்க."

எனக்குப் பொறாமைதான். பொய் சொல்ல மாட்டேன். இருந்தும் முதலில் கை தட்டியது நான்தான், உள்ளங்கை சிவக்கிற அளவுக்கு.

அக்கா உட்காரவில்லை. மறுபடி கையைத் தூக்கினார்.

"ஒண்ணு கேட்டுக்கறேன். உங்க இடத்துல ஒண்ணுன்னா எவ்வளவு?"

"நாங்க வைச்சிருக்கிறது வேற மென்பொருள்" என்றார் யோம் அம்மையார். "அதுல ஒண்ணுன்னா ஒரு சென்டிமீட்டர்."

அக்கா மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "கேட்டியா ஹேவோன்! இருபத்தெட்டு வருஷமா நான் சரியாத்தான்டி அளந்திருக்கேன்!"