தசரதன் பாறையைத் தள்ளிய நாற்பது நாள்

ரங்கூன், லண்டன் எல்லாம் சுற்றிவிட்டு எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் ரயிலைவிட்டு இறங்கிய அன்றே அக்காள் கணவர் தசரதனின் முதுகைப் பார்த்தேன். வலது தோள்பட்டை எலும்பு கோழி இறக்கைபோலப் பின்னால் துருத்திக்கொண்டிருந்தது.

சுரங்கத்தில் அவர் சம்மட்டிக்காரர். பாறையைத் துளைக்க, ஜோடிக்காரர் எட்மண்ட் உளியைப் பிடிக்க, இவர் அடிப்பார். கல் விழுந்து தோளில் அடிபட்டதும் ஆஸ்பத்திரியில் கையை மார்போடு சேர்த்து இரண்டு மாதம் கட்டிவைத்துவிட்டார்கள். இப்போது கை காதுக்கு மேல் ஏறவில்லை. குறி ஒரு விரல் தப்பினாலும் எட்மண்டின் கை நசுங்கும். ஒன்றரை மாதத்தில் வரும் பொங்கலுக்குள் சரியாகாவிட்டால் எட்மண்ட் வேறு ஜோடி பார்த்துக்கொள்வார். அதோடு மாமாவின் சம்மட்டி வேலை போய்விடும்.

எனக்கோ குதிக்கவேண்டும்போல இருந்தது! லண்டனில் நான் வேலை செய்த வீட்டு எஜமானிக்கு இதே குறைதான். ஒரு நர்ஸம்மா தினமும் வந்து அவளைச் சுவரைத் தள்ளவைத்துக் குணமாக்கியதை ஆறு மாதம் பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன்.

“ஏந்திரிங்க மாமா! செவுத்துல ரெண்டு கையும் வைங்க. முழங்கைய மடக்காம நெஞ்ச முன்னால எறக்குங்க. இப்ப முதுகு பின்னால போற மாதிரி தள்ளுங்க!”

தள்ளினார். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குச் சுவர் வெறும் மூங்கில் தட்டி என்பதை நான் மறந்தே போயிருந்தேன். தட்டியோடு மாமா பக்கத்து வீட்டு லூயிசாவின் அடுப்படியில் போய் விழுந்தார்.

“இன்னாயா இது! வாசல் இருக்குதே, அப்டி வரக்கூடாதா?” என்றாள் லூயிசா, களி கிண்டும் துடுப்போடு.

மறுநாளிலிருந்து லைனுக்குப் பின்னால் இருந்த பெரிய பாறையைத் தள்ளினார். அக்காள் பார்வதம்மா எலும்பின்மேல் உள்ளங்கையை வைத்து, அது விலாவோடு ஒட்டுகிறதா என்று பார்ப்பாள்.

“இன்னா தசரதா, பாறை எவ்ளோ நகந்துச்சு?” என்பார்கள் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள்.

“பூதிகோட்டை ஊரு வரைக்கும் தள்ளிட்டுதான் நிறுத்துவேன், போங்க!”

பத்தாம் நாள் கையைப் பாறையில் உயர ஏற்றி, எட்டிய இடத்தில் கரிக்கோடு போட்டார். பார்த்தால், தோளைக் காதுவரை தூக்கி வைத்திருந்தார்.

“அது கை ஏறல மாமா, தோளு ஏறுது. கோட்ட அழிங்க.”

இரண்டு நாள் அந்தக் கோட்டை விடாப்பிடியாக அப்படியே வைத்திருந்தார். மூன்றாம் நாள் அவரே அழித்தார். தோளைத் தாழ்த்தி, உள்ளங்கையை அங்குலம் அங்குலமாக மேலே நகர்த்தினார். முப்பத்தெட்டாம் நாள் அந்தக் கோடு இருந்த இடத்தைத் தாண்டினார், தோள் அசையாமல்!

நாற்பதாம் நாள் எட்மண்ட் உளியோடு வந்தார். பாறை முன்னால் சாய்ந்திருந்த இடத்தில், தலைக்கு மேலே உளியைப் பிடித்தார். மாமா சம்மட்டியை எடுத்தார்.

“கண்ண மூடிக்கினேன் தசரதா. அடி.”

டங்! உளித்தலையின் நடுவிலே!

எட்மண்ட் ஒரு கண்ணை மட்டும் திறந்து விரல்களைப் பார்த்தார்.

“அஞ்சும் இருக்குது. இன்னொண்ணு அடிய்யா, நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் ஷிப்ட்டுக்குப் போவணும்!”