வாண்டுவின் மூச்சு

வாண்டு அக்காவுக்கு வயது ஐம்பத்து மூன்று. முழங்கால் வலி இருக்கிறது, மூக்குக் கண்ணாடி இருக்கிறது, தோளுக்கு மேல் வளர்ந்த மகன் இருக்கிறான். ஆனாலும் ஸ்டூடியோவில் வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் வாண்டுதான். அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் ஒன்றில், கைக்குழந்தையாக இருந்தபோது பிரிந்த தாயைத் தேடி மலை மலையாக ஓடுகிற பத்து வயதுப் பொடிப்பயலின் பெயர் அது. இருபத்திரண்டு வருடமாக நம் மொழியில் அந்தப் பயலின் குரல் இவர்.

அந்த இருபத்திரண்டு வருடமும் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்தவனைக் 'காது' என்று கூப்பிடுவார்கள். பக்கத்து அறையில் யாராவது கொட்டாவி விட்டால்கூடப் பதிவை நிறுத்திவிடுகிற ஆள். யாரையும் லேசில் பாராட்ட மாட்டான். அவனே அக்காவின் பேச்சை எடுத்தால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வான்.

முதல் நாளை அவன் மறக்கவில்லை. அக்கா வந்தது லிஃப்டுக்குப் பேச. 'கதவு மூடுகிறது', 'இரண்டாம் தளம்' என்று பத்து வரி சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியவர். அடுத்த அறையில் வாண்டுவுக்குப் பேச வந்த நடிகை, ஒன்றரை மணி நேரம் காக்க வைத்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டாள். டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "சார், நான் ஒரு தடவை சொல்லிப் பாக்கவா?" என்று லிஃப்ட் அம்மாள் வாசலில் நின்று கேட்டார். அழாத குறையாக டைரக்டர் தலையாட்டினார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு மைக் முன்னால் போய் நின்றார். அடுத்த நொடி ஸ்பீக்கரில் ஒரு பொடியன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சண்டைக்கு வந்தான். காது நிமிர்ந்து பார்த்தான். உள்ளே அந்த அம்மாளைத் தவிர யாரும் இல்லை.

அன்றிலிருந்து அக்காவின் முறை மாறவே இல்லை. வெறுங்கால். சரசரக்காத பருத்திப் புடவை. வயிறு இரைவது மைக்கில் விழக் கூடாது என்று அதன்மேல் ஒரு சின்னத் தலையணையைக் கட்டிக்கொள்வார். நாக்கு ஒட்டாமல் இருக்கப் பச்சை ஆப்பிள் ஒரு துண்டு. வீடியோ கேம் வேலை வந்தால் இன்னும் வேடிக்கை. விழுவது, அடிபடுவது, தண்ணீரில் மூழ்குவது, சாவது என்று பட்டியலே வரும். ஒரே நாளில் நாற்பத்தேழு தடவை செத்தார் ஒருமுறை. ஒன்றைப் போல ஒன்று இல்லை. நாற்பத்தேழாவது சாவுக்குக் காதே எழுந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தான். உள்ளேயிருந்து அக்கா வழக்கம்போலக் கேட்டார்: "இன்னொண்ணு போகலாமா தம்பி?"

எவ்வளவு நன்றாக வந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் அவர் ஹெட்போனைக் கழற்றியதில்லை.

வீட்டுக்குப் போன் செய்கிறவர்கள் அக்காவின் குரலைக் கேட்டு, "தம்பி, அம்மாகிட்ட குடுப்பா" என்பார்கள். மகன் சின்னவனாக இருந்தபோது, வாண்டு எங்கள் அம்மாதான் என்று பள்ளியில் சொல்லிவிட்டான். ஒருத்தரும் நம்பவில்லை, புளுகன் என்று பட்டம் கட்டிவிட்டார்கள். மறுநாள் அக்கா பள்ளி வாசலில் நின்றார். கையில் காய்கறிப் பை. பேசிக் காட்டச் சொல்லி மகன் கெஞ்சவும், வாண்டு மலை உச்சியில் போடுகிற கூச்சலை ஒரே ஒரு தடவை போட்டார். மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த இருநூறு பிள்ளைகளும் நின்ற இடத்தில் நின்றுவிட்டார்கள். வாத்தியார்கூட ஆட்டோகிராப் வாங்கினார் என்று சொல்லி அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார்.

அந்தத் தொண்டையில்தான் போன வருடம் ஒரு முடிச்சு வந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பேச்சு வந்துவிடும், ஆனால் சின்னப் பையன் குரலுக்கு உத்தரவாதம் இல்லை என்றார் டாக்டர். இப்போதைக்கு ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் கூடாது. அக்கா ஒரு சிலேட்டை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தொடரின் கடைசிப் பகுதி வந்திறங்கியது. அதில்தான் வாண்டு தன் தாயைக் கண்டுபிடிக்கிறான். நாலாவது வாரத்து வியாழக்கிழமைக்குள் அக்காவால் முடியவில்லை என்றால் வேறு பெண்ணை வைத்து முடித்துவிடுவோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. இருபத்திரண்டு வருடம் தேடியவர் இவர், கண்டுபிடிப்பது இன்னொருத்தியா? காதுக்குப் பொறுக்கவில்லை.

அவன் யாரிடமும் சொல்லாமல் ஒரு வேலை செய்தான். அக்காவின் பழைய பதிவு அத்தனையும் அவனிடம் இருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து, வார்த்தை வார்த்தையாக வெட்டி எடுத்து, கடைசிப் பகுதியின் முப்பத்தோரு வசனத்தையும் ஒட்டிவிட்டான். உதட்டசைவுக்கு இம்மி பிசகவில்லை. புதன்கிழமை காலை டைரக்டரையும் அக்காவையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினான்.

"அடேயப்பா! ஆளே வேணாம் போலிருக்கே!" என்றார் டைரக்டர். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்கா கண்ணை மூடிக் கேட்டார். இரண்டாம் முறையும் போடச் சொன்னார். பிறகு சிலேட்டில் எழுதி நீட்டினார்: 'இவன் மூச்சே விடலையே தம்பி.'

காதுக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு பதிவும் முடிந்ததும் வசனத்துக்கு முன்னால் அக்கா இழுக்கிற மூச்சை அழுக்கு என்று துடைத்து எறிவது அவன் வழக்கம். ஊரே மெச்சிய சுத்தம் அது. இருபத்திரண்டு வருட மூச்சில் ஒன்றுகூட மிச்சம் இல்லை. ஒட்டுப்போட்ட வாண்டு அழகாகப் பேசினான், பிணம் பேசுவதுபோல.

அக்கா எழுந்து செருப்பைக் கழற்றினார். தலையணையைக் கட்டிக்கொண்டார். மூச்சை மட்டும் கொடுக்கிறேன், பிடித்துக்கொள் என்று சைகை காட்டினார். மூச்சுக்குத் தொண்டை வேண்டியதில்லையே.

காது ஹெட்போனை மாட்டி, எதையும் வெட்டாமல் முதன்முறையாகக் கேட்டான். பொய் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு, மேலோட்டமாக, திருட்டுத்தனமாக. அடிவாங்கப் போவது தெரிந்து இழுக்கிற மூச்சு. ஏற்றத்தில் ஓடி வந்து, ஓடி வந்ததைக் காட்டிக்கொள்ளாமல் அடக்குகிற மூச்சு. வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளே ஒரு பையன் இருந்தான். அவனுக்குப் பசித்தது, பயந்தான், நம்பினான். இத்தனை வருடம் குரல் என்று தான் நினைத்தது மேல்தோல்தான், உயிரைத்தான் தினம் தினம் குப்பையில் கொட்டியிருக்கிறேன் என்று காதுக்கு விளங்கியது. பக்கத்தில் டைரக்டர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

முப்பது வசனத்துக்கு மூச்சு கொடுத்து முடிந்தது. முப்பத்தொன்றாவது ஒரே வார்த்தை. தாய் கிணற்றடியில் முதுகைக் காட்டி நிற்கிறாள், வாண்டு கூப்பிட வேண்டும். பழைய பதிவுகளில் நானூற்றுச் சொச்சம் 'அம்மா' இருந்தது. எல்லாம், என் அம்மாவைப் பார்த்தீர்களா என்று வழியில் போகிறவர்களிடம் கேட்ட அம்மா. கூப்பிட்ட அம்மா ஒன்றுகூட இல்லை. இருந்ததில் ஒன்றைத்தான் காது ஒட்டி வைத்திருந்தான்.

"அக்கா, டாக்டர் நாலு வார்த்தைன்னு சொல்லியிருக்காரு," என்றான் மைக்கில்.

அக்கா ஒரு விரலைக் காட்டினார். காலையிலிருந்து வாயைத் திறக்காமல் நாலையும் சேர்த்து வைத்திருந்தார் போலும்.

படம் ஓடியது. நீண்ட மூச்சு ஒன்று உள்ளே போனது, பாதியில் தயங்கியது, மீதியும் போனது.

"அம்மா."

பத்து வயதில் தொடங்கிய குரல் நடுவில் உடைந்து, அடிக்குரலில் போய் முடிந்தது. தேடித் தேடியே வளர்ந்துவிட்ட பிள்ளையின் குரல். காதுக்குக் கண் நிறைந்துவிட்டது, ஒலி அளவு காட்டும் மீட்டர் முள் தெரியவில்லை.

டைரக்டர் மெல்லச் செருமினார். "நடுவுல லேசா பிசிறு தட்டுது. சரி பண்ணிடலாமா?"

"அதுல யாராவது கை வெச்சா நான் வேலையை விட்டுடுவேன் சார்."

"சரிப்பா, சும்மா கேட்டேன்," என்று டைரக்டர் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

காது அக்காவின் வழக்கமான கேள்விக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை. அக்கா ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினார். தலையணையின் முடிச்சை அவிழ்த்தார். அந்தக் குரல் இனி வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவனுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. பொத்தானை அழுத்தி, தன் வாழ்நாளில் முதன்முறையாக அவனே கேட்டான்: "இன்னொண்ணு போகலாமாக்கா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் அக்கா சிரித்துக்கொண்டே வேண்டாமென்று தலையசைத்தார்.