பூனையைத் தொடாதவர்களின் படர்தாமரை

பெட்டாலிங் ஜெயாவில் எங்கள் அலுவலகப் பின்வாசலில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஆரஞ்சு நிறப் பூனைக்குட்டி வந்து சேர்ந்தது. எங்கள் மேனேஜர் ரொம்பச் சுத்தம் பார்ப்பவர். மேசையையே ஒரு நாளைக்கு நான்கு முறை துடைப்பார். யாரும் அதைத் தொடக்கூடாது, சாப்பாடு வைக்கக்கூடாது என்று அன்றே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். எல்லோரும் சரி என்று கட்டைவிரல் காட்டினோம்.

நான் மட்டும் மதியத்தில் மீன் துண்டோடு போய் ஐந்து நிமிடம் அதை மடியில் வைத்திருப்பேன். நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு வாரத்தில் முழங்கைக்குப் பக்கத்தில் வட்டமாகச் சிவந்து அரிக்க ஆரம்பித்தது. பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டருகே உள்ள கிளினிக்கில் காட்டினேன். பார்த்ததுமே டாக்டரம்மா படர்தாமரை என்றார். இது வைரஸும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை, பூஞ்சை. அதனால் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள், களிம்புதான். தொட்டாலும் ஒட்டும், துண்டைப் பகிர்ந்தாலும் ஒட்டும் என்று விளக்கினார். வீட்டில் பூனை உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மைதானே. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“அப்ப அது யாரோட பூனை?”

மறுநாள் முழுக்கைச் சட்டையில் போனேன். வரவேற்பு மேசை அக்காவும் முழுக்கையில் இருந்தார். ஏர்கோன் குளிர் என்றார். பெண்கள் கழிவறையில் அவர் சட்டைக்கையைச் சுருட்டிக் களிம்பு தடவிக்கொண்டிருந்தபோது நான் உள்ளே போய்விட்டேன். அதே களிம்பு. நானும் சட்டைக்கையைச் சுருட்டினேன்.

அந்த வாரமே இன்னும் சிலர் சொறிய ஆரம்பிக்க, மேனேஜர் கூட்டம் போட்டார். சொல்லியும் கேளாமல் யாரோ பூனையைத் தொட்டு எல்லோருக்கும் பரப்பிவிட்டார்கள் என்று கடுமையாகப் பேசினார். பேசப் பேசத் தாடையைச் சொறிந்தார். தாடைக்குக் கீழே, காலருக்குச் சற்று மேலே, இருபது காசு நாணய அளவில் அழகான வட்டம்.

அக்கா மெதுவாகக் கேட்டார். “சார், களிம்பு வேணுமா? என்கிட்ட இருக்கு லா.”

மேனேஜர் காலரை மேலே இழுத்துவிட்டார். காலையில் முதலில் வருவது தான்தான் என்றும், அந்நேரம் அது பசியில் கத்தும் என்றும் தரையைப் பார்த்துச் சொன்னார்.

அன்று மாலையே குட்டியை விலங்கு மருத்துவரிடம் காட்டி, மருந்தோடு சுங்கை பூலோவில் உள்ள தன் வீட்டுக்கே கொண்டுபோனார். எங்களுக்குச் சில வாரங்களில் ஆறியது. குட்டிக்குக் கூடுதல் நாள் பிடித்தது. மனைவிக்கு இன்னும் ஒட்டவில்லை என்று முதல் இரண்டு திங்களும் எங்களிடம் பெருமையாகச் சொன்னார். மூன்றாவது திங்கள் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.